ஒட்சிசன் அறையும் ஒரு காணி உறுதியும்

2013ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் இரவு. நான் பணியாற்றிய பத்திரிகையின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் நான்கு அங்குல இடம் நிரப்பப்படாமல் இருந்தது. வெளிநாட்டுச் செய்தி நிறுவனமொன்று அனுப்பியிருந்த இஸ்ரேல் நாட்டு மருத்துவச் செய்தியொன்றை எடுத்து, அவசரமாகத் தமிழாக்கி, அந்த இடத்தில் பொருத்தினேன். 'மூளைக் காயத்துக்கு ஒட்சிசன் அறையில் மறுவாழ்வு' என்று தலைப்பும் இட்டேன். செய்தி சற்று நீண்டுவிட்டது. பத்திரிகைத் தொழிலில் இதற்கு ஒரு பழைய வழி உண்டு. முக்கியமானவை மேலே இருக்கும், முக்கியமற்றவை கீழே இருக்கும் என்ற நம்பிக்கையில் கீழிருந்து வெட்டுவது. நானும் கடைசிப் பந்தியை வெட்டினேன். பக்கம் அச்சுக்குப் போயிற்று. அதை மறந்தும் போனேன்.

2014ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தார். வடபகுதிக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். பொலித்தீன் உறையொன்றுக்குள் பத்திரமாக வைத்திருந்த பத்திரிகை நறுக்கை எடுத்து மேசையில் வைத்தார். நான் எழுதிய அதே செய்தி. எட்டு மாதங்களுக்கு முன்னர் அவருடைய மகன் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கித் தலையில் படுகாயமடைந்திருந்தான். உயிர் தப்பிவிட்டான். ஆனால் பேச்சுத் தடுமாறியது, வலது கை வழங்கவில்லை, காலையில் நடந்தது மாலையில் நினைவிருக்காது. அயல்நாடொன்றிலுள்ள தனியார் நிலையத்தில் இந்தச் சிகிச்சை செய்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாற்பது தடவை அறைக்குள் இருத்த வேண்டும். அதற்கான பணத்துக்கு அவரிடமிருந்த ஒரே வழி ஆறு பரப்புக் காணி.

"தம்பி, இது நீங்கள் போட்ட செய்திதானே? இதை நம்பிக் காணியை விக்கலாமோ?" என்று கேட்டார்.

என் தொழில் வாழ்வில் எத்தனையோ பேர் எத்தனையோ கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். மிரட்டலாகவும் கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்விக்கு நான் தடுமாறியதுபோல வேறெதற்கும் தடுமாறியதில்லை. "விசாரித்துச் சொல்கிறேன் மாஸ்ரர்" என்றேன். அச்சிடுவதற்கு முன்னர் செய்திருக்க வேண்டிய விசாரணையை ஏறக்குறைய ஓராண்டு கழித்துத் தொடங்கினேன். அன்று அறிந்தவற்றையும், அதற்குப் பின்னர் வெளியானவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் இதே கேள்வியை இப்பொழுதும் சிலர் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதே காரணம்.

உயர் அமுக்க ஒட்சிசன் சிகிச்சை ஏமாற்றுக்காரர்கள் கண்டுபிடித்த ஒன்றன்று. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். நாம் சுவாசிக்கும் வளியில் ஒட்சிசன் ஏறக்குறைய 21 சதவீதம். குருதியிலுள்ள செங்குழியங்களே அதன் பெரும்பகுதியைச் சுமந்து செல்கின்றன. குருதியின் திரவப் பகுதியில் நேரடியாகக் கரைவது மிகச் சொற்பம். ஆனால் வாயுவின் அமுக்கம் கூடக்கூட, திரவத்தில் அது கரையும் அளவும் கூடும். இது 1803இல் வில்லியம் ஹென்றி கண்ட விதி. மூடிய அறையொன்றில் வளிமண்டல அமுக்கத்தைப்போல மூன்று மடங்கு அமுக்கத்தில் தூய ஒட்சிசனைச் சுவாசித்தால், 100 மில்லிலீற்றர் குருதியில் ஏறத்தாழ 6 மில்லிலீற்றர் ஒட்சிசன் நேரடியாகக் கரையும். ஓய்வில் இருக்கும் உடலுக்கு அதுவே போதும். நெதர்லாந்தின் அம்ஸ்ரர்டாமில் சத்திரசிகிச்சை நிபுணர் ஈட்டே பூரெமா, செங்குழியங்கள் ஏறக்குறைய முற்றாக அகற்றப்பட்ட பன்றிகளை இத்தகைய அறையில் உயிருடன் வைத்திருந்து காட்டினார். 'குருதியில்லா வாழ்வு' என்ற தலைப்பில் 1960இல் வெளியான அவருடைய கட்டுரையிலிருந்தே நவீன ஒட்சிசன் அறையின் வரலாறு தொடங்குகிறது எனலாம்.

ஆழ்கடலிலிருந்து வேகமாக மேலெழும் சுழியோடியின் உடலில் நைதரசன் குமிழிகள் உருவாகி அவனை முடக்கும்போது, இந்த அறையே அவனைக் காப்பாற்றுகிறது. சங்கும் கடலட்டையும் எடுக்கப் போய் இவ்வாறு முடங்கிய நமது கடற்றொழிலாளர் திருகோணமலைக் கடற்படைத் தளத்திலுள்ள அமுக்க அறைக்குக் கொண்டுசெல்லப்பட்ட செய்திகளை நாங்களே வெளியிட்டிருக்கிறோம். காபனோரொட்சைட்டு நஞ்சேற்றம், தசையழுகல் நோயான வாயுக் கொதிப்பு, நீரிழிவினால் காலில் ஏற்படும் ஆறாத புண்களில் சில, புற்றுநோய்க்கான கதிர்ச் சிகிச்சையினால் சிதைந்த இழையங்கள் எனப் பத்துக்கும் மேற்பட்ட நோய்களுக்கு இது ஏற்றுக்கொள்ளப்பட்ட சிகிச்சை. அந்தப் பட்டியலில் தலையில் அடிபட்டு ஏற்படும் மூளைக் காயம் இல்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2013 ஓகஸ்டில் பொதுமக்களுக்கு இதைப்பற்றி எச்சரிக்கையும் விடுத்தது. இந்த அறையைக் கொண்டு குணப்படுத்துவதாகச் சொல்லப்பட்டு, ஆனால் அந்த நிர்வாகத்தின் அனுமதி கிடைக்காத நோய்களை அது வரிசைப்படுத்தியிருந்தது. மூளைக் காயமும் அந்த வரிசையில் இருந்தது.

அப்படியானால் மூளைக் காயத்துக்கு இது உதவும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? அடிபட்ட மூளையில் இறந்துபோன கலங்களைச் சுற்றி, இறக்காமலும் இயங்காமலும் உறக்கநிலையில் கிடக்கும் நரம்புக் கலங்கள் உண்டு, ஒட்சிசனை மிகுதியாகக் கொடுத்தால் அவை விழித்தெழும் என்பது கருதுகோள். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் கேட்பதற்கு நியாயமாக இருப்பதெல்லாம் உண்மையாக இருப்பதில்லை என்பதற்கு இதே துறையில் ஒரு நினைவுச்சின்னம் இருந்தது. ஓர்வல் கனிங்காம் என்ற அமெரிக்க மருத்துவருக்காக 1928இல் கிளீவ்லாந்து நகரில் 64 அடி விட்டமுள்ள உருக்குக் கோளமொன்று மருத்துவமனையாகக் கட்டப்பட்டது. அமுக்கப்பட்ட வளியினால் நீரிழிவும் புற்றுநோயும் குணமாகும் என்று அவர் நம்பினார். ஆதாரம் எங்கே என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் கேட்டது. அவரால் காட்ட முடியவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், அந்தக் கோளம் பழைய இரும்பாக உடைக்கப்பட்டது. அவரிடமும் குணமடைந்ததாகச் சொன்ன நோயாளர்கள் இருந்தார்கள்.

இனி, என் செய்திக்கு ஆதாரமான இஸ்ரேலிய ஆய்வுக்கு வருகிறேன். தலையில் இலேசான காயமடைந்து, ஒன்று முதல் ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்னரும் குறைபாடுகள் நீங்காத 56 பேர் அதில் பங்குபற்றினர். ஒரு பகுதியினருக்கு 1.5 மடங்கு அமுக்கத்தில் நாற்பது தடவைகள் ஒட்சிசன் அளிக்கப்பட்டது. மற்றவர்கள் இரண்டு மாதம் எந்தச் சிகிச்சையும் இன்றிக் காத்திருந்து, அதன் பின்னர் அதே சிகிச்சையைப் பெற்றனர். சிகிச்சை பெற்றபோது நினைவாற்றலும் கவனமும் மேம்பட்டன; காத்திருந்தபோது மேம்படவில்லை. முடிவு பொய்யன்று. ஆனால் காத்திருந்தவர்களுக்குத் தாம் காத்திருக்கிறோம் என்பது தெரியும். அவர்களுக்குப் போலி அறை எதுவும் காட்டப்படவில்லை. நான் வெட்டியெறிந்த கடைசிப் பந்தி இதைத்தான் சொல்லியது.

அது ஏன் முக்கியம்? கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. பெருமூளை வாதத்தினால் பாதிக்கப்பட்ட 111 குழந்தைகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு 1.75 மடங்கு அமுக்கத்தில் தூய ஒட்சிசன். மறு பிரிவுக்கு 1.3 மடங்கு அமுக்கத்தில் வெறும் வளி. எந்தக் குழந்தை எதைப் பெறுகிறது என்பது பெற்றோருக்குச் சொல்லப்படவில்லை. நாற்பது அமர்வுகள் முடிந்தபோது குழந்தைகள் முன்னேறியிருந்தனர். இரு பிரிவினரும் ஒரே அளவில் முன்னேறியிருந்தனர். 2001இல் 'லான்செற்' மருத்துவச் சஞ்சிகையில் இது வெளியானது.

ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் குண்டதிர்ச்சிகளினால் மூளை பாதிக்கப்பட்டுத் திரும்பிய தனது படையினருக்காக அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களமும் இத்தகைய ஆய்வுகளைப் பெரும் செலவில் நடத்தியது. 2012இல் வெளியான விமானப்படை ஆய்வில் 50 பேர். ஒட்சிசன் பெற்றவர்களும் தேறினர், போலி அமர்வு பெற்றவர்களும் தேறினர். இரு பிரிவுக்கும் இடையில் வேறுபாடு இல்லை. 2015இல் வெளியான ஆய்வில் 72 பேர் மூன்று பிரிவுகளாக்கப்பட்டனர்: வழமையான பராமரிப்பு மட்டும் பெற்றவர்கள், ஒட்சிசன் பெற்றவர்கள், போலி அமர்வு பெற்றவர்கள். அறைக்குள் சென்ற இரு பிரிவினரும், செல்லாதவர்களைவிட நன்றாகத் தேறினர். ஆனால் உள்ளே சென்ற இரு பிரிவுக்கும் இடையில் வேறுபாடு காணப்படவில்லை. 71 பேரைக் கொண்ட மற்றோர் ஆய்வின் முடிவுகள் 2018இல் வெளியாகின. அதில் பதின்மூன்றாம் வாரத்தில் ஒட்சிசன் பெற்றவர்களிடம் சிறிதளவு முன்னேற்றம் கூடுதலாகத் தெரிந்தது. ஆறாம் மாதமளவில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது ஒரு விடயம் தெளிவாகிறது. அறைக்குள் சென்றவர்கள் தேறினார்கள் என்பது மெய். அவர்களைத் தேற்றியது ஒட்சிசன்தான் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. நாற்பது நாட்கள் ஒரே நேரத்தில் எழுந்து, ஓரிடத்துக்குச் சென்று, அக்கறையுள்ள மனிதர்களால் கவனிக்கப்பட்டு, ஒரு மணி நேரம் அமைதியாகப் படுத்திருப்பதும், தேறிவிடுவேன் என்று நம்புவதும் காயப்பட்ட மூளைக்குச் சாதாரண விடயங்களல்ல. அதோடு, மூளை காலப்போக்கில் தானாகவும் தேறுகிறது. ஒரே பரீட்சையை இரண்டாம் முறை எழுதுபவர் கூடுதலாகப் புள்ளி பெறுவதும் உண்டு.

இச்சிகிச்சையை ஆதரிக்கும் ஆய்வாளர்களின் மறுமொழியையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1.2, 1.3 மடங்கு அமுக்கம் போலிச் சிகிச்சையே அல்ல, அதுவும் உடலில் மாற்றத்தை ஏற்படுத்துகிறது, ஆகவே இரு பிரிவினரும் உண்மையான சிகிச்சையையே பெற்றனர் என்பது அவர்களுடைய வாதம். இதை முற்றாகப் புறந்தள்ள முடியாது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 1.3 மடங்கு அமுக்கத்திலுள்ள வளியில் கிடைக்கும் ஒட்சிசன், சாதாரண அமுக்கத்தில் 27 சதவீத ஒட்சிசனைச் சுவாசிப்பதற்குச் சமம். அதை எந்த வைத்தியசாலையிலும் ஒரு முகமூடியும் ஒட்சிசன் உருளையும் கொண்டு கொடுத்துவிடலாம். அமுக்கமே வேலை செய்கிறது என்றால், தூய ஒட்சிசனுக்கு ஏன் இத்தனை விலை? வாதம் எப்படிப் போனாலும் காணி விற்கும் தந்தைக்கு அது சாதகமாக இல்லை.

படுகாயம் அடைந்தவுடன், முதல் நாட்களில் அளிக்கப்படும் சிகிச்சை தனியான விடயம். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 168 பேரிடம் நடத்தப்பட்டு 1992இல் வெளியான ஆய்வில், ஒட்சிசன் அறைக்குள் வைக்கப்பட்டவர்களில் இறந்தோர் 17 சதவீதம், மற்றவர்களில் 32 சதவீதம். பெரிய வேறுபாடுதான். ஆனால் பிழைத்தவர்களில் தன்னந்தனியாக வாழக்கூடிய நிலையை அடைந்தோரின் தொகை கூடவில்லை. இதைத் தெளிவுபடுத்துவதற்கு 2018இல் அங்கு பல மருத்துவமனைகள் இணைந்து புதிய ஆய்வொன்றைத் தொடங்கின. இது தீவிர சிகிச்சைப் பிரிவுக்குரிய ஆராய்ச்சி. விபத்து நடந்து மாதங்கள், ஆண்டுகள் கழிந்த பின்னர் கட்டணம் வாங்கிக்கொண்டு அறைக்குள் இருத்துவதற்கு இதை ஆதாரமாகக் காட்ட முடியாது. காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

'பயன் இல்லாவிட்டாலும் பாதிப்பு இல்லைத்தானே' என்று பலர் கேட்கிறார்கள். செவிப்பறை பாதிக்கப்படலாம், பார்வை தற்காலிகமாக மாறலாம். அளவுமீறிய ஒட்சிசன் வலிப்பை உண்டாக்கும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் போல் பேர்ட் 1878இலேயே எழுதிவிட்டார். எல்லாவற்றிலும் பெரியது நெருப்பு. ஒட்சிசன் செறிந்த இடத்தில் ஒரு சிறு பொறியே போதும். 1997 ஒக்ரோபர் 31ஆம் திகதி இத்தாலியின் மிலான் நகர மருத்துவமனையொன்றில் அறைக்குள் தீப்பற்றிப் பதினொரு பேர் மாண்டனர். 2009இல் புளோரிடாவில், பெருமூளை வாதத்துக்காகச் சிகிச்சை பெற இத்தாலியிலிருந்து அழைத்துவரப்பட்ட நான்கு வயதுச் சிறுவனும் அவனோடு உள்ளேயிருந்த பாட்டியும் தீக்காயங்களுக்குப் பலியாகினர். 2025 ஜனவரியில் மிச்சிகன் மாநிலத்தின் ட்ரோய் நகரில் ஐந்து வயதுச் சிறுவன் அறைக்குள்ளேயே எரிந்து இறந்தான். அந்த நிலையத்துடன் தொடர்புடைய நால்வர்மீது வழக்குத் தொடரப்பட்டது. ஒழுங்காக நடத்தப்படும் மருத்துவமனையில் இத்தகைய விபத்துகள் அரிது. ஆனால் நிரூபிக்கப்படாத பயனுக்காக அந்த அரிய ஆபத்தை ஏன் ஏற்க வேண்டும் என்பதே கேள்வி.

மூன்று வாரங்களின் பின்னர் மாஸ்ரரைத் தொலைபேசியில் அழைத்தேன். அன்று எனக்குத் தெரிந்த அளவில் இவற்றைச் சொன்னேன். "இது இன்னும் நிரூபிக்கப்படவில்லை மாஸ்ரர்" என்று முடித்தேன். சற்று நேரம் அமைதி. பிறகு கேட்டார்: "நிரூபிக்கப்படேல்லை எண்டால் பொய் எண்டு அர்த்தமோ தம்பி?"

இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது. அது உண்மையும்கூட. ஆனால் காணிக்கு முற்பணம் வாங்கியாயிற்று என்பதை அதற்குப் பிறகே சொன்னார்.

அவர்கள் போனார்கள். நாற்பது அமர்வுகளும் முடித்துத் திரும்பினார்கள். பையன் முன்பைவிடத் தெளிவாகப் பேசினான், உறவினரைப் பெயர் சொல்லி அழைத்தான். மாஸ்ரர் என்னை அழைத்து மகிழ்ச்சியோடு சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை. விபத்து நடந்து ஓராண்டை எட்டிய காலம் அது. போகாமல் இருந்திருந்தாலும் அவன் அந்த அளவு தேறியிருப்பானா என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, பணம் வாங்கியவர்களுக்கும் தெரியாது. ஒரேயொரு மனிதனை வைத்துக்கொண்டு அதை யாராலும் அறிய முடியாது. அதனால்தான் ஒப்பீட்டுப் பிரிவு என்ற ஒன்றை ஆய்வாளர்கள் வைக்கிறார்கள்.

ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். திரும்பி வந்தபோது கையில் பணம் இருக்கவில்லை. வலது கைக்கு இயன்மருத்துவம் தொடர்ந்து தேவைப்பட்டது. வாரம் இருமுறை பெரிய வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். சிகிச்சை இலவசம், வாகனக் கூலி இலவசமன்று. முதலில் வாரம் ஒருமுறை என்றாகி, பின்னர் மாதம் ஒருமுறையாகி, நின்றே போயிற்று. சில ஆண்டுகளின் பின்னர் அந்த வீட்டுக்கு ஒருமுறை போனேன். பையன் என்னை வரவேற்று நன்றாகப் பேசினான். வலது கை விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகியிருந்தன. அவனுடைய தாயார் ஈரத்துணியால் அவற்றை ஒவ்வொன்றாக விரித்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆறு பரப்புக் காணியின் பணத்தில் எத்தனை ஆண்டுகளுக்கு வாகனம் பிடித்திருக்கலாம் என்று திரும்பும் வழியெல்லாம் கணக்குப் பார்த்தேன்.

இதுதான் என் கருத்து. மூளைக் காயத்துக்குப் பின்னரான மீட்சி என்பது மிக நீண்டது, சலிப்பூட்டுவது. இயன்மருத்துவர், தொழில்வழிச் சிகிச்சையாளர், பேச்சுச் சிகிச்சையாளர், வீட்டிலுள்ளவர்களின் பொறுமை ஆகியவற்றால் அங்குலம் அங்குலமாக நடப்பது. அதில் அதிசயம் எதுவுமில்லை. ஆகவே அது செய்தியாவதில்லை. பளபளக்கும் கண்ணாடி அறை செய்தியாகிறது. அமெரிக்கக் காற்பந்தாட்ட வீரர் ஜோ நேமத் தாம் அதில் 120 அமர்வுகள் பெற்றுத் தேறியதாகச் சொன்னால் அது உலகச் செய்தியாகிறது. பணம் செய்தியின் பின்னால் போகிறது. புலம்பெயர்ந்த உறவுகளும் சங்கங்களும் இரக்கத்தோடு திரட்டி அனுப்பும் பணமும் அப்படித்தான் போகிறது. 'வெளிநாட்டில் சிகிச்சைக்கு' என்றால் ஒரு கிழமைக்குள் சேர்ந்துவிடுகிறது. 'ஐந்து வருடத்துக்கு வாகனக் கூலி' என்று கேட்டால் யார் கொடுக்கிறார்கள்?

அன்பர்கள் எவராவது இத்தகைய நிலையில் இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்னர் நிலையத்தாரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். போலி அமர்வு பெற்றவர்களோடு ஒப்பிட்டு நடத்தப்பட்ட எந்த ஆய்வில் இது வென்றது? அந்தப் பலன் ஓராண்டு கழித்தும் நிலைத்ததா? இதே பணத்தை மறுவாழ்வுச் சிகிச்சையில் செலவிட்டால் என்ன கிடைக்கும்? முதலிரண்டுக்கும் விடையாகக் குணமடைந்தவர்களின் புகைப்படங்களைக் காட்டினால், எழுந்து வந்துவிடுங்கள். நாளை நல்ல ஆய்வொன்று இந்தச் சிகிச்சையின் பயனை ஐயமின்றி நிறுவக்கூடும். அன்று இதே இடத்தில் மகிழ்ச்சியோடு எழுதுவேன்.

என் தொழிலில் பின்னர் வந்த இளையவர்களுக்கு நான் சொல்லிவந்ததும் ஒன்றுண்டு. மருத்துவச் செய்தியைக் கீழிருந்து வெட்டாதீர்கள். இடம் போதாவிட்டால் தலைப்பைச் சிறிதாக்குங்கள், படத்தை நீக்குங்கள், செய்தியையே போடாமல் விடுங்கள். யாரோ ஒருவர் அதைக் கத்தரித்துப் பொலித்தீன் உறைக்குள் வைத்திருக்கக்கூடும். அவருக்கு வேண்டியது அந்தக் கடைசிப் பந்திதான்.